பிறந்த அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

கேள்வியைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நிஜமாகத்தான் கேட்கிறேன். நீங்கள் பிறந்த அன்று எங்கே இருந்தீர்கள்?

‘அம்மா பக்கத்துல’ என்பீர்கள். சரி. அது எந்த ஊர், என்ன தேதி, பிரசவம் பார்த்தது யார்? அம்மா சொல்லியிருப்பார். பாட்டி சொல்லியிருப்பார். அவர்கள் சொன்னதை நீங்கள் திருப்பிச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். அன்று நீங்கள் கண்ணைக்கூடச் சரியாகத் திறந்திருக்க மாட்டீர்கள். ஒரு மனிதனின் வாழ்க்கையில் நடக்கும் முதல் சம்பவத்துக்கு அந்த மனிதனே சாட்சி கிடையாது.

இந்த வேடிக்கையை வைத்துக்கொண்டு ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். விஷயம் இருக்கிறது. நம் நாட்டில் ஒருவரைப் பார்த்து ‘நீ வெளிநாட்டுக்காரன்’ என்று அரசு சொல்லிவிட்டால், ‘இல்லை, நான் இங்கேதான் பிறந்தேன்’ என்று நிரூபிக்க வேண்டியது அவர் வேலை. திருட்டு வழக்கென்றால் ‘இவன் திருடன்’ என்று போலீஸ் நிரூபிக்க வேண்டும். கொலை வழக்கிலும் அப்படித்தான். குடியுரிமையில் மட்டும் தலைகீழ். வெள்ளைக்காரன் காலத்தில், 1946-இல், போட்ட வெளிநாட்டவர் சட்டத்தின் 9-ஆவது பிரிவு அப்படிச் சொன்னது. அந்தச் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் இல்லை. அதன் இடத்துக்கு வந்திருக்கும் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம், பழைய மூட்டையை இறக்கி வைக்கவில்லை. புதுத் துணியில் கட்டி அதே தலையில் ஏற்றியிருக்கிறது.

ஏன் இப்படி? அதற்கு உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் ஒரு விளக்கம் கொடுத்தது. பின்னாளில் அசாம் முதலமைச்சரான சர்பானந்த சோனோவால் போட்ட வழக்கு அது. அசாமுக்கு மட்டும் 1983-இல் ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்திருந்தார்கள். அதில் ‘இவர் வெளிநாட்டவர்’ என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அந்தச் சட்டத்தையே நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றின் சாரம் இதுதான்: ஒருவர் எங்கே பிறந்தார், எப்போது பிறந்தார், பெற்றோர் யார், அவர்கள் எந்த நாட்டவர் என்பதெல்லாம் அவருக்கே தனிப்பட்ட முறையில் தெரிந்த விஷயங்கள். அரசுக்கு எப்படித் தெரியும்? ஆகவே அவர்தான் சொல்ல வேண்டும்.

கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு நிமிஷம் யோசித்தால் இடிக்கிறது. ‘நேற்று ராத்திரி எங்கே இருந்தாய்?’ என்று கேளுங்கள், எனக்குத் தெரியும். ‘போன வருஷம் என்ன சம்பாதித்தாய்?’ என்று கேளுங்கள், அதுவும் தெரியும். ‘எங்கே பிறந்தாய்?’ என்றால் எனக்கு எப்படி நேரடியாகத் தெரியும்? உலகத்தில் எனக்குச் சொந்தமான விஷயங்களில், எனக்குச் சொந்தமாகத் தெரியாத ஒரே விஷயம் அதுதான்.

அது எனக்குத் தெரிய வருவது இரண்டு வழியில். ஒன்று, வீட்டில் சொன்னது. இரண்டு, யாரோ எழுதி வைத்தது. முதலாவதை அதிகாரி அரை மனசோடுதான் கேட்பார். இரண்டாவதை எழுதி வைக்க வேண்டியது யார்? அதே அரசு. இந்த வாரம் நான் சொல்ல வருவது இந்த ஒரே விஷயத்தைத்தான்.

*

‘அசாம் கதை நமக்கு எதுக்கு சார்?’ என்று கேட்பவர்கள் என்னோடு கரியாலூர் வரைக்கும் வாருங்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை என்று போய் மலை ஏறினால் கல்வராயன் மலை. கரியாலூரில் படகுத்துறை இருக்கிறது, போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. லீவு நாளில் அருவி பார்க்கக் காரில் போகிறவர்களுக்கு இவ்வளவுதான் தெரியும். மலையில் வாழ்கிறவர்கள் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரளாவோடு சம்பந்தமில்லை. மலையில் வாழ்வதால் வந்த பெயர். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை.

இந்த மலையில் ஐம்பது, அறுபது வயதுக்காரர் ஒருவரிடம் ‘உங்க பர்த் சர்ட்டிபிகேட் எங்கே?’ என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சிரிப்பார். வீட்டில் பிறந்தவர் அவர். ஊரில் கை ராசிக்காரக் கிழவி ஒருத்தி பிரசவம் பார்த்திருப்பார். அன்று ரோடு கிடையாது. மலை இறங்கிப் போய் யாரிடமாவது எழுதிக் கொடுத்துவிட்டு வருவதென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். தேதி என்று ஒன்று அவருக்குக் கிடைத்தது பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்றுதான், அதுவும் சேர்ந்திருந்தால்.

அது எப்படிக் கிடைக்கும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

‘‘பையனுக்கு என்னம்மா வயசு?’’

‘‘சாமை அறுத்து முடிச்ச கையோட பொறந்தான் சார். பெரிய மழ பேஞ்ச வருசம்.’’

வாத்தியார் பஞ்சாங்கமா பார்ப்பார்? ‘‘டேய், இங்க வா. வலது கையத் தலைக்கு மேல போட்டு இடது காதத் தொடு.’’ தொட்டுவிட்டால் அஞ்சு வயசு. அஞ்சு வருஷத்தைக் கழித்து, ஜூன் மாதத்தில் கைக்கு வந்த ஒரு தேதியைப் போட்டுவிடுவார். அந்த நிமிஷம் பையன் சட்டப்படி பிறந்துவிட்டான்.

மலையில் மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். எனக்கே பாட்டி கணக்கில் ஆவணி மாதம் பிறந்தநாள், பள்ளிக்கூடக் கணக்கில் மே மாதம். உங்கள் வீட்டிலும் ரெண்டு பிறந்தநாள்காரர் யாராவது இருப்பார். ஸ்கூலில் சேர்க்க அவசரப்பட்ட அப்பா, ரிட்டையர்மென்ட்டைத் தள்ளிப் போட நினைத்த தாத்தா என்று காரணம் ஆயிரம். இதுவரை இது வீட்டு ஜோக். ஒரு ட்ரிப்யூனல் முன்னால் நிற்கும்போது இதற்குப் பெயர் ‘ஆவணங்களுக்கிடையே முரண்பாடு’.

கல்வராயன் மலையில் ஜோக் இன்னும் கசப்பானது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் இந்த மலை மக்களின் நிலைமையைத் தானாகவே வழக்காக எடுத்தது. இந்த மலை நெடுங்காலம் ஜாகீர்தார்கள் கையில் இருந்தது, 1976-இல்தான் முழுசாக அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது, மக்களுக்கு ஓட்டுரிமை 1996-இல்தான் கிடைத்தது என்று அந்த வழக்கில் எடுத்துச் சொல்லப்பட்டது. பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள், மறந்திருப்பீர்கள்.

அது சரியென்றால் கணக்கைப் பாருங்கள். குடியரசு வந்து 46 வருஷம் கழித்துத்தான் இவர்கள் பெயர் ஓட்டர் லிஸ்ட் என்ற ஏட்டில் ஏறுகிறது. 1996-க்கு முன்னால் ‘நான் இருந்தேன்’ என்று காட்ட இவர்களுக்கு அந்த ஏடு உதவாது. மலைக்குத் தெரியும், ஓடைக்குத் தெரியும், கடுக்காய் மரத்துக்குத் தெரியும். இவை எதையும் அட்டெஸ்டேஷன் வாங்கிக் கொண்டுவர முடியாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கரியாலூர்க்காரர்களை யாரும் ‘வெளிநாட்டவர்’ என்று சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. இந்தியாவுக்குள் இவர்களைவிடப் பழைய குடி யார் என்று தேட வேண்டும். பேப்பரில் இவர்களைவிடப் புதுசு யாரும் இல்லை.

*

நான் பி.காம். படித்தவன். ஆடிட்டிங் வகுப்பில் முதல் பாடம், வவுச்சர் இல்லாத என்ட்ரியை நம்பாதே. ‘பார்த்தீர்களா, நீங்களே ஒத்துக்கொள்கிறீர்களே, பேப்பர் வேணும்தானே?’ என்று அதிகாரிகள் சந்தோஷப்பட வேண்டாம். அடுத்த பாடமும் உண்டு. புத்தகம் எழுத வேண்டிய பொறுப்பு யாருடையதோ, வவுச்சர் இல்லாவிட்டால் முதலில் அவரைத்தான் கேட்க வேண்டும். கணக்குப்பிள்ளை ஏட்டில் எழுதாமல் விட்டுவிட்டு, கடைக்கு வந்த வாடிக்கையாளரைப் பார்த்து ‘நீ காசு கொடுத்ததற்கு என்ன ருசு?’ என்று சட்டையைப் பிடித்தால் அதற்குப் பெயர் ஆடிட் இல்லை.

இந்தியாவில் பிறப்பு இறப்புப் பதிவுக்கான சட்டம் 1969-இல் வந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் பதிவாளரை நியமித்து ஏட்டைப் பராமரிப்பது அரசின் கடமை. 21 நாளுக்குள் தகவல் சொன்னால் கட்டணமில்லை. ஒரு வருஷம் தாண்டிவிட்டால் மாஜிஸ்ட்ரேட் அல்லது அந்த அந்தஸ்தில் உள்ள அதிகாரியின் உத்தரவு வேண்டும். பாருங்கள், தாமதத்துக்குத் தண்டனை இந்தப் பக்கம் மட்டும்தான். ரோடு போடாமல், ஆஸ்பத்திரி கட்டாமல், ஆளை அனுப்பாமல் அரசு பண்ணிய தாமதத்துக்கு லேட் ஃபீஸ் யார் கட்டுவது?

இப்போது நிலைமை மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. மலையிலும் ஆம்புலன்ஸ் வருகிறது. ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம், பாஸ்போர்ட், ஓட்டர் லிஸ்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை என்று சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். நல்லது. ஆனால் குடியுரிமைக் கேள்வி அந்தக் குழந்தையோடு நிற்பதில்லை. அப்பாவிடம் போகிறது. அங்கேதான் சிக்கல்.

*

1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவை ஒரு தடவை படியுங்கள். மூன்று தேதிகள் இருக்கின்றன.

1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்தியாவில் பிறந்தவர், அப்பா அம்மா யாராக இருந்தாலும் இந்தியர். தூதரக அதிகாரியின் பிள்ளை போன்ற ஒன்றிரண்டு விதிவிலக்கு மட்டும்தான். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன்பு வரை பிறந்தவர் என்றால், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவர் என்றால், ரெண்டு பேரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமலும் இருக்க வேண்டும்.

என் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் 1987-க்கு முன்னால் பிறந்தவன். என் தம்பி பின்னால் பிறந்தவன். ஒரே அம்மா, ஒரே ஊர். நான் எங்கே பிறந்தேன் என்று காட்டினால் போதும். அவன் எங்கள் அப்பாவோ அம்மாவோ இந்தியர் என்றும் காட்ட வேண்டும். அவன் மகள் ரெண்டு பக்கத்துக் கதையும் சொல்ல வேண்டும். கணக்குப் பாஷையில் இது ஓப்பனிங் பேலன்ஸ் தகராறு. இந்த வருஷக் கணக்கு சரியா என்று தெரிய, போன வருஷக் கணக்கு வேண்டும். அதற்கு அதற்கும் முந்தின வருஷம். ஒரு இடத்தில் புத்தகம் இல்லையென்றால் மேலே உள்ள எல்லாப் பக்கமும் ஆடும்.

இது வெறும் தியரி இல்லை. தமிழ்நாட்டில் நடந்த ரெண்டு கதைகளைக் கேளுங்கள்.

முதல் கதை. 1986 ஏப்ரலில் மண்டபம் முகாமில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெற்றோர் இலங்கையிலிருந்து உயிர் பிழைத்து வந்தவர்கள். வளர்ந்தது முகாமில். பாஸ்போர்ட் கேட்டார், கிடைக்கவில்லை. அகதிக்குப் பிறந்தவர் அகதி என்பதுதான் அதிகாரிகளின் கணக்கு. வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. 2022 ஆகஸ்டில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அவர் 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், ஆகவே பிறப்பால் இந்தியர், பாஸ்போர்ட் கொடுங்கள் என்று உத்தரவு போட்டார். 2024 ஏப்ரல் 19 அன்று அந்தப் பெண் திருச்சியில் ஓட்டுப் போட்டார். கவனியுங்கள், அவரைக் காப்பாற்றியது சட்டம் மட்டுமில்லை. மண்டபத்தில் பிறந்ததற்கு அவரிடம் சான்றிதழ் இருந்தது. முகாமில் எப்போதும் அதிகாரிகள் நடமாட்டம், யாராவது எழுதி வைத்துவிட்டார்கள். கரியாலூர்க் குடிசையில் பிறந்தவரைவிட அந்த விதத்தில் அவர் அதிர்ஷ்டசாலி.

இரண்டாவது கதை. இலங்கைப் பெற்றோருக்குத் தமிழ்நாட்டில் 1991-இல் பிறந்தவர் ஒரு இளைஞர். இங்கேயே படித்து, கம்ப்யூட்டர் வேலை பார்த்தார். ஆதார் இருந்தது, இந்திய பாஸ்போர்ட்டும் இருந்தது. தன்னை இந்தியன் என்றே நம்பியிருந்தார். 2025 ஏப்ரலில், ‘நீ இந்தியன் இல்லை, பாஸ்போர்ட் வாங்கியது குற்றம்’ என்று கைதானார். காரணம், தேதி. அவர் நீதிமன்றம் போக, உயர் நீதிமன்றம் அவர்மீது கடும் நடவடிக்கை எடுக்காமல் இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்தது. ரெண்டு பேரும் இங்கே பிறந்தவர்கள்தான். நடுவில் அஞ்சு வருஷம்.

1986-இல் சட்டத்தைத் திருத்தி இந்த 1987 கோட்டைப் போட்டபோது, மசோதாவின் நோக்க விளக்கத்தில் வங்கதேசத்தோடு இலங்கையின் பெயரும் எழுதப்பட்டிருந்தது. இனக்கலவரத்தில் வீடு எரிந்து 1983 முதல் படகேறி வந்தவர்களை வரவேற்றுச் சோறு போட்டதும் நாம்தான். பிறக்கப் போகும் அவர்கள் குழந்தைகளுக்குக் கோடு கிழித்ததும் நாம்தான்.

இதே 1987, 2004 கோடுகள் 2025-இல் பீகாரில் தொடங்கி, நவம்பரில் தமிழ்நாட்டுக்கும் வந்த வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தின் படிவங்களிலும் வந்து நின்றன. இருபது வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் உன் பெயரோ உன் பெற்றோர் பெயரோ இருக்கிறதா என்று கேட்டார்கள். சென்னையில் ஃப்ளாட்டில் இருப்பவர்களே பழைய பட்டியலில் அப்பா பெயரைத் தேடி அலைந்தார்கள். ‘ஆதார் இருக்கே?’ என்று பலர் கேட்டார்கள். ஆதார் குடியுரிமைக்குச் சான்று ஆகாது என்று ஆதார் சட்டத்தின் 9-ஆவது பிரிவே சொல்கிறது.

*

பரம்பரையைத் தோண்டிக் கேட்கும் இந்த வித்தை தமிழர்களுக்குப் புதுசில்லை. முதல் அடி 1948-இலேயே வாங்கினோம்.

இலங்கை சுதந்திரம் அடைந்த அதே வருஷம் ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. நவம்பர் 15-க்கு முன்னால் நீ இலங்கையிலேயே பிறந்திருந்தாலும் போதாது, உன் அப்பா அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தாத்தாவும் கொள்ளுத் தாத்தாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும். சட்டத்தில் ‘தமிழன்’ என்ற வார்த்தையே கிடையாது. தேவையும் இல்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, லயத்தில் செத்த கூலித் தொழிலாளியின் பிறப்பை எவன் எழுதி வைத்தான்? நேர்மையாகப் பார்த்தால், சிங்கள கிராமத்து விவசாயியிடமும் தாத்தாவின் சான்றிதழ் இருந்திருக்காது. ஆனால் அவரை யாரும் கேட்கவில்லை. பேப்பர் எல்லாரிடமும் இல்லாத நாட்டில், யாரிடம் கேட்பது என்று முடிவு பண்ணுவதிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர் ஆனார்கள். அடுத்த வருஷம் இன்னொரு சட்டம் சின்ன ஜன்னலைத் திறந்தது. இத்தனை வருஷம் தொடர்ந்து இங்கே வசித்தேன் என்று காட்டு என்றார்கள். எட்டு லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்காக மனு போனது. குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. மிச்சப் பேரை 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள். 5,25,000 உனக்கு, 3,00,000 எனக்கு, பாக்கி 1,50,000 அப்புறம். அந்தப் பாக்கியை 1974-இல் பாதிப் பாதி. பேலன்ஸ் ஷீட்டில் சரக்கைப் பிரிப்பதுபோல மனிதர்களைப் பிரித்தார்கள். இலங்கை இந்தக் கணக்கை முடித்தது 2003-இல். 55 வருஷம்.

மண்டபம் முகாமைச் சொன்னேனே, அதே மண்டபத்தில்தான் வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறப் போனவர்களை நோய்த் தடுப்பு முகாமில் அடைத்து வைத்திருந்தார்கள். போகும்போதும் கியூ, வரும்போதும் கியூ.

பணக்கார நாடு மட்டும் யோக்கியமா? பிரிட்டனில் 2018-இல் வெடித்த விண்ட்ரஷ் விவகாரத்தைப் பாருங்கள். சின்ன வயசில் கரீபியன் தீவுகளிலிருந்து முறைப்படி வந்து, அங்கேயே வளர்ந்து, வரி கட்டி, தலை நரைத்தவர்களைப் பார்த்து, ‘நீ எந்த வருஷம் வந்தாய், ஆதாரம் காட்டு’ என்றது உள்துறை. வேலை போனது, வீடு போனது, சிலரை நாடு கடத்தியே விட்டார்கள். அவர்கள் வந்து இறங்கியபோது எழுதிய கார்டுகள் அரசிடமே இருந்தன. அவற்றை 2010-இல் அந்த உள்துறையே அழித்திருந்தது. கணக்குப்பிள்ளை ஏட்டைக் கொளுத்திவிட்டு வவுச்சர் கேட்ட கதை இதுதான்.

*

இப்போது எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்போம். ‘அப்படின்னா யார் வந்து நான் இந்தியன்னு சொன்னாலும் விட்டுடணுமா?’

நல்ல கேள்வி. அமெரிக்காவில் இதற்கு ஒரு பழைய கதை உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த வோங் கிம் ஆர்க் என்பவர் சீனாவுக்குப் போய்விட்டு 1895-இல் திரும்பியபோது இறங்க விடவில்லை. சீனப் பெற்றோருக்குப் பிறந்தவன் அமெரிக்கனா என்பது வழக்கு. 1898-இல் அவர் ஜெயித்தார். 2025 ஜனவரி 20 அன்று டொனால்ட் டிரம்ப் பதவியேற்ற கையோடு போட்ட உத்தரவு உடைக்கப் பார்த்தது இந்தத் தீர்ப்பைத்தான். அங்கே ஹெச்-1பி விசாவில் இருக்கும் நம்ம ஊர் மாப்பிள்ளைகளுக்கு அன்று வயிறு கலங்கியது. கோர்ட்டுகள் குறுக்கே நின்றன. ஆனால் கதையின் இன்னொரு பாதி இருக்கிறது. 1906-இல் அந்த ஊரில் பூகம்பம் வந்து, தீப்பிடித்து, பிறப்புப் பதிவேடுகள் சாம்பலாகின. அதற்குப் பிறகு ‘நானும் இங்கேதான் பிறந்தேன்’ என்று சொல்லி நுழைந்தவர்கள் ஏராளம். ‘காகிதப் பிள்ளைகள்’ என்று பெயரே வந்தது.

ஆக, பொய் சொல்கிறவர் உண்டு. எல்லையைக் காப்பது அரசின் உரிமை. இங்கே போலி ஆவண வியாபாரம் நடக்கிறது என்பதும் நிஜம். ஆனால் அதிலேயே ஒரு பாடம் இருக்கிறது. பேப்பரை மட்டும் நம்பினால், காசிருக்கும் போலிக்காரர் முதலில் பாஸாவார். பேப்பர் வாங்க வழியில்லாத நிஜக்காரர் ஃபெயிலாவார். அவரிடம் மூதாட்டிதான் இருக்கிறார், முத்திரை இல்லை.

உச்ச நீதிமன்றமே இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 2024 ஜூலையில் ரஹீம் அலி வழக்கில் நீதிபதிகள் விக்ரம் நாத், அசனுத்தீன் அமானுல்லா தீர்ப்புச் சொன்னார்கள். நிரூபிக்கும் சுமை அவர் தலையில் என்று சட்டம் சொல்வதால், போகிற வருகிற யாரையும் பிடித்து ‘நீ வெளிநாட்டவன்’ என்று சொல்லிவிட முடியாது. சந்தேகத்துக்கு அடிப்படையான விவரம் முதலில் அரசிடம் இருக்க வேண்டும், அதை அவரிடம் கொடுக்க வேண்டும். பெயர் எழுத்திலும் தேதியிலும் இருக்கும் சின்ன வித்தியாசத்தை வைத்து நாட்டை விட்டுத் துரத்தக் கூடாது. அருமையான தீர்ப்பு. ஆனால் அது வருவதற்கு முன்பே ரஹீம் அலி இறந்துவிட்டார். செத்தவருக்கு ‘நீ இந்தியன்’ என்று சொன்னது நீதிமன்றம்.

*

என்ன செய்யலாம்? கேட்கிறவர்களுக்காக என் பட்டியல்.

முதலில், அந்தத் தீர்ப்பின் சாரத்தை 2025 சட்டத்திலேயே எழுத வேண்டும். சந்தேகப்படுகிறவர் முதல் ஆதாரத்தைக் காட்டட்டும். அதற்குப் பிறகு என்னைக் கேட்கட்டும்.

இரண்டாவது, அரசு தன் புத்தகத்தைத் தானே கொண்டுவர வேண்டும். பள்ளிக்கூட ரெஜிஸ்டர், ஆஸ்பத்திரி ஏடு, பழைய வாக்காளர் பட்டியல் எல்லாம் அரசின் அலமாரியில்தான் இருக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்து வா என்று மலைவாசியை மூன்று பஸ் மாற விடுவது என்ன நியாயம்?

மூன்றாவது, எழுதப்படாத ஊர்களில் வாய்ச் சாட்சியத்துக்கு முழு மதிப்பு வேண்டும். பிரசவம் பார்த்தவர், பக்கத்து வீட்டுக்காரர், கூடப் பிறந்தவர் சொல்வதைக் கேட்டுப் பதிய வேண்டும். கரியாலூர், வெள்ளிமலை போன்ற இடங்களுக்கு அதிகாரிகளே போய், விடுபட்ட பிறப்புகளைக் கட்டணமில்லாமல் பதிவு செய்ய வேண்டும். தாமதம் அவர்களுடையது இல்லையே.

நாலாவது உங்களுக்கு. வீட்டில் பீரோவைத் திறந்து, எல்லாருடைய பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். பலருடையதில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். பிறந்த உடனே பதிந்ததால் பெயர் வைக்கவில்லை, பிறகு சேர்க்கவும் இல்லை. உடனே பெயரைச் சேர்க்கப் பாருங்கள். அப்பா இனிஷியல் ஒரு பேப்பரில் ஒன்று, இன்னொன்றில் வேறு என்றால் இப்போதே சரி செய்யுங்கள். ‘நமக்கென்ன, நாம எந்தக் காலத்து ஆளு’ என்று நினைக்காதீர்கள். 1947-இல் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தோட்டங்களில் இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

கடைசியாக மறுபடி அந்தக் கேள்விக்கு வருகிறேன். கரியாலூரில் ஒரு குழந்தை பிறந்த அன்று அங்கே அம்மா இருந்தாள். பிரசவம் பார்த்த கிழவி இருந்தாள். குழந்தையும் இருந்தது, நினைவில்லாவிட்டாலும் இருந்தது. ஏட்டை எடுத்துக்கொண்டு அரசும் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தவர்களைப் பார்த்து ‘அன்று நீ எங்கே இருந்தாய்?’ என்று கேட்கும் தகுதி, வராதவருக்கு எங்கிருந்து வந்தது?